50 லிட்டர் ஆல்-கிரெயின் பியர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மால்ட் எக்ஸ்ட்ராக்ட் டின்னை, அதாவது மால்ட் எனும் முளைகட்டி உலர்த்திய பார்லியின் தயார்ச் சாற்றை, விட்டுவிட்டு நேராகத் தானியத்திலிருந்தே காய்ச்சப் பழகியவர்கள், 20 லிட்டரிலிருந்து 50 லிட்டருக்குப் போகும்போது எழுப்பும் கேள்விகள் இவை. கணக்கு எல்லாமே ஒரே பியரை வைத்துப் போட்டது: ஆரம்ப அடர்த்தி 1.050 (தண்ணீர் 1.000 என்ற கணக்கில்), நொதிகலத்தில் 50 லிட்டர் சேரவேண்டிய பேல் ஏல். உங்கள் பியர் வேறாக இருந்தால் எண்கள் மாறும், கணக்குப் போடும் வழி மாறாது.

இதை வீட்டில் காய்ச்சச் சட்டம் இடம் கொடுக்கிறதா?

எங்கே இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பிரிட்டனில் 1963-இல் உரிமக் கட்டாயம் நீங்கியது. சொந்தக் குடிக்கு எவ்வளவும் காய்ச்சலாம், ஒரு பாட்டில்கூட விற்கக் கூடாது. அமெரிக்காவில் 1978-இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் 1979 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பெரியவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன், அதாவது சுமார் 757 லிட்டர். 50 லிட்டர் வீதம் காய்ச்சினால் ஆண்டுக்குப் பதினைந்து முறையோடு வரம்பு முடிந்துவிடும். மாநிலச் சட்டம் தனி. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013-இல்தான் அனுமதித்தன. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் சொந்தப் பயனுக்குத் தடையில்லை. சாராயம் வடிப்பது இதில் எந்த நாட்டிலும் இந்த அனுமதிக்குள் வராது.

தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். அளவு சிறிது, சொந்த உபயோகம் என்பதெல்லாம் அங்கே செல்லாது.

20 லிட்டர் ரெசிபியை இரண்டரையால் பெருக்கினால் போதாதா?

மால்ட்டையும் கொதியில் போடும் ஹாப்ஸையும் (கசப்பும் வாசனையும் தரும் பூ) பெருக்கலாம். தண்ணீரைப் பெருக்கினால் மாட்டிக்கொள்வீர்கள். ஆவியாகும் அளவைத் தீர்மானிப்பது பாத்திரத்தின் வாயகலமும் அடுப்பின் வேகமும்தான். உள்ளே எத்தனை லிட்டர் இருக்கிறது என்பது அல்ல. சின்னக் கெட்டிலில் மணிக்கு 4 லிட்டர் போகிறது என்று வையுங்கள். 80 லிட்டர் கெட்டிலில் அது 6 லிட்டராக இருக்கலாம். பெருக்கல் கணக்கோ 10 லிட்டர் என்று சொல்லும். கூடுதலாக ஊற்றிய அந்த 4 லிட்டர் அப்படியே நின்று, 1.050 வரவேண்டிய வோர்ட் (மால்ட்டிலிருந்து வடித்த இனிப்புச் சாறு) 1.046, 1.047-இல் முடியும்.

குழாய்க்குக் கீழே தங்குவது, பம்ப்புக்குள்ளும் ஹோஸுக்குள்ளும் நிற்பது, கெட்டில் அடியில் ஹாப்ஸ் கசடோடு விடுவது ஆகியவையும் அந்தந்தப் பாத்திரத்தின் குணம். புதுச் சாதனம் வாங்கினால் முதல் நாள் வெறும் தண்ணீரை வைத்தே ஓட்டிப் பாருங்கள். 60 லிட்டர் அளந்து ஊற்றி, வழக்கமான வேகத்தில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியதும் மீண்டும் அளந்தால் உங்கள் ஆவியாதல் எண் கையில் இருக்கும். ஆறவிடாமல் அளந்தால் ஏமாற்றும். கொதிநீர் குளிரும்போது 4 சதவீதம் சுருங்கும். கூடவே ஒரு மரக்கோலில் ஐந்து ஐந்து லிட்டருக்குக் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எவ்வளவு மால்ட், எவ்வளவு தண்ணீர்?

கடைசியிலிருந்து பின்னோக்கிப் போங்கள். நொதிகலத்தில் 50 லிட்டர் வேண்டும், கசடோடு 3 லிட்டர் போகும், ஆக ஆறிய வோர்ட் 53 லிட்டர். கொதிசூட்டில் அது 55 லிட்டர். ஒரு மணி நேரத்தில் 6 லிட்டர் ஆவியாகும் என்றால், கொதிக்கத் தொடங்கும்போது கெட்டிலில் 61 லிட்டர் இருக்க வேண்டும்.

மால்ட் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 1 லிட்டரை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். மால்ட் அளவு: 53 லிட்டரை 50 புள்ளியால் (1.050-இன் கடைசி இரண்டு இலக்கம்) பெருக்கினால் 2650. நல்ல பேல் மால்ட்டின் முழுச் சத்து கிலோவுக்கு 300 புள்ளிக்குச் சற்று மேலே. வீட்டுச் சாதனத்தில் அதில் 70 சதவீதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, சுமார் 220 கைக்கு வரும். 2650-ஐ 220-ஆல் வகுத்தால் 12 கிலோ.

மொத்தத் தண்ணீர் 61, உறிஞ்சலுக்கு 12, மாஷ் டன் (மால்ட்டைச் சூடுநீரில் ஊறவைக்கும் பாத்திரம்) அடியில் தங்க 2, ஆக 75 லிட்டர். கிலோவுக்கு 3 லிட்டர் வீதம் மாஷுக்கு, அதாவது அந்த ஊறலுக்கு, 36; மீதி 39 ஸ்பார்ஜுக்கு, அதாவது ஊறிய மால்ட்டைக் கழுவி மிச்சச் சர்க்கரையை வடிக்க. கொதிக்கு முன்னால் அடர்த்தி 1.044, 1.045 காட்டினால் தடத்தில் இருக்கிறீர்கள். மாதிரியை 20 டிகிரிக்கு ஆற்றிவிட்டு ஹைட்ரோமீட்டரை விடுங்கள்.

பாத்திரங்கள் எந்த அளவில் வேண்டும்?

கெட்டில் 80 லிட்டர். 75-இலும் சமாளிக்கலாம், ஆனால் பொங்கும்போது கெட்டிலை விட்டு நகர முடியாது. மாஷ் டன் 70 லிட்டர்: ஊறிய மால்ட் கிலோவுக்கு முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாக இடம் பிடிக்கும், 36 லிட்டர் தண்ணீரோடு 44 லிட்டர் நிரம்பும். அடுத்த முறை 1.070 பியர் காய்ச்ச ஆசை வந்தால் அந்த மிச்ச இடம் கைகொடுக்கும். சூடுநீர்த் தொட்டி 50 லிட்டர் போதும். நொதிகலத்தில் மேலே கால்வாசி காலியாக இருக்க வேண்டும். 65 லிட்டருக்குக் குறையாமல் வாங்குங்கள்.

துணிப்பையில் மால்ட் போட்டுத் தூக்கும் முறையை இந்த அளவில் பரிந்துரைக்க மாட்டோம். ஊறிய பை சொட்டச் சொட்ட 25 கிலோவைத் தாண்டும், கீழே 65 டிகிரி வோர்ட். உத்தரத்தில் கப்பி மாட்ட வழியிருந்தால் மட்டும் யோசியுங்கள்.

கேஸா, மின்சாரமா?

61 லிட்டரை 65 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக 5.5 கிலோவாட் ஹீட்டர் அரை மணி நேரம் எடுக்கும். 3 கிலோவாட் என்றால் ஒரு மணி நேரத்துக்குக் கிட்டே. பிரிட்டன் சுவர் பிளக் ஒன்றிலிருந்து 3 கிலோவாட்தான் எடுக்கலாம். அமெரிக்கா, கனடாவின் 120 வோல்ட் 15 ஆம்பியர் பிளக் 1.8 கிலோவாட்டோடு நின்றுவிடும், 60 லிட்டரைத் துள்ளிக் கொதிக்க வைக்க அதனால் ஆகாது. 240 வோல்ட் 30 ஆம்பியர் தனி இணைப்பும், கசிவு மின்சாரத்தைக் கண்டு துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சும் வேண்டும். இதை லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். ஹீட்டர் கம்பியில் வாட் அடர்த்தி குறைந்த வகையை வாங்கினால் வோர்ட் அடிப்பிடிக்காது.

கேஸ் பர்னர் என்றால் வெட்டவெளிதான். கராஜ் கதவைப் பாதி திறந்து வைத்திருக்கிறேன் என்பது போதாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

மால்ட்டை எப்படி அரைப்பது?

மாவு மில்லுக்குக் கொண்டுபோகாதீர்கள், மிக்ஸி பக்கமே போகாதீர்கள். வேண்டியது உடைப்புதான்: உள்ளே இருக்கும் பருப்பு நாலைந்து குருணையாக உடைய வேண்டும், மேல் உமி முழுசாக நிற்க வேண்டும். அந்த உமிதான் பிறகு வோர்ட்டை வடிகட்டும் படுகை. இரட்டை உருளை மில்லில் இடைவெளியை 1.0 மி.மீ.-இலிருந்து 1.2 மி.மீ.க்குள் வையுங்கள். ஒரு கைப்பிடி அரைத்து வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள். முழு மணி கண்ணில் பட்டால் இடைவெளியைக் குறையுங்கள். மாவு பறந்து உமி தூள்தூளாகக் கிடந்தால் கூட்டுங்கள்.

ஒரு நல்ல உத்தி: அரைப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு மால்ட் எடையில் ஒன்றரை சதவீதம், 12 கிலோவுக்கு 180 மி.லி., தண்ணீரை ஸ்ப்ரே அடித்துப் புரட்டி விடுங்கள். உமி பதமாகித் தோல்போல் வளையும், நொறுங்காது. இதற்கு மேல் ஈரம் சேர்ந்தால் உருளையில் அப்பிக்கொள்ளும்.

மாஷ் தண்ணீரை எத்தனை டிகிரிக்குச் சுடவைப்பது?

மால்ட் அறை வெப்பத்தில் இருப்பதால் தண்ணீர் இலக்கைவிடச் சூடாக இருக்க வேண்டும். 0.41-ஐ, கிலோவுக்கு எத்தனை லிட்டர் என்ற எண்ணால் வகுத்து, இலக்குக்கும் மால்ட் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, இலக்கோடு கூட்டுங்கள். மால்ட் 18 டிகிரி, இலக்கு 66 என்றால்: 0.41-ஐ 3-ஆல் வகுத்து 48-ஆல் பெருக்கினால் 6.6, ஆகத் தண்ணீர் 72.6 டிகிரி. பாத்திரம் சில்லென்று இருந்தால் இன்னும் ஒன்றிரண்டு டிகிரி சேருங்கள்.

66 ஏன்? மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டும் நொதிகள் இரண்டு. பீட்டா அமைலேஸ் 60-இலிருந்து 65 டிகிரியில் சுறுசுறுப்பு. அது தரும் மால்டோஸை ஈஸ்ட் முழுதாகத் தின்னும், பியர் வறண்டு லேசாக வரும். ஆல்ஃபா அமைலேஸுக்கு 68-இலிருந்து 72. அது விடும் டெக்ஸ்ட்ரின்களை ஈஸ்ட் தொடாது, பியர் கனக்கும். 66-இல் இரண்டும் வேலை செய்யும். அறுபது நிமிடம் கொடுங்கள்.

வெப்பம் தவறிவிட்டது. என்ன செய்வது?

இதே மாஷ் 63 டிகிரியில் நின்றுவிட்டால் 3.6 லிட்டர் கொதிநீர் ஊற்றிக் கலக்கினால் 66 வரும். 69-க்கு ஏறிவிட்டால் 15 டிகிரித் தண்ணீர் 2.4 லிட்டர். எவ்வளவு ஊற்றினீர்களோ அதை ஸ்பார்ஜ் தண்ணீரிலிருந்து கழித்துவிடுங்கள். ஆனால் முதலில் நன்றாகக் கலக்கிவிட்டு நாலு இடத்தில் அளங்கள். 12 கிலோ மாஷில் நடுவுக்கும் ஓரத்துக்கும் மூன்று டிகிரி வித்தியாசம் சாதாரணம். ஒரே இடத்தில் அளந்துவிட்டுக் கொதிநீர் ஊற்றியவர்கள் பிறகு ஐஸைத் தேடி ஓட வேண்டிவரும். சூடு கூடிப்போவதுதான் பெரிய கேடு. 75-க்கு மேல் சில நிமிடம் நின்றால் பீட்டா அமைலேஸ் செத்துவிடும், பிறகு ஆற்றியும் பயனில்லை.

ஸ்பார்ஜ் பாதியில் அடைத்துக்கொண்டது.

பெரிய மாஷில் அதிகம் நடப்பது இதுதான், பெரும்பாலும் அவசரத்தால். வால்வை முழுசாகத் திறந்தாலோ பம்ப்பை வேகமாக இழுக்கவிட்டாலோ தானியப் படுகை சல்லடைத் தட்டின்மேல் அமுங்கி இறுகிவிடும். படுகையின் ஆழமும் காரணம்: ஒரே 12 கிலோ, குறுகிய உயரப் பாத்திரத்தில் இருந்தால் அகலப் பாத்திரத்தைவிடச் சீக்கிரம் இறுகும்.

அடைத்துவிட்டால் பம்ப்பை உடனே நிறுத்துங்கள். அடிவால்வு வழியாகவே 76 டிகிரித் தண்ணீர் 3, 4 லிட்டரைக் கீழிருந்து மேலே தள்ளினால் படுகை மிதந்து தளரும். அதற்கும் மசியவில்லையா, முழு மாஷையும் கிளறி, பத்து நிமிடம் படியவிட்டு, முதல் கலங்கல் வோர்ட்டைத் தெளியும்வரை மேலேயே திருப்பி ஊற்றி, மறுபடி மெதுவாகத் தொடங்குங்கள். முதல் ஐந்து நிமிடம் வால்வு கால்வாசித் திறப்பைத் தாண்டக் கூடாது.

கோதுமை, ஓட்ஸ், கம்பரிசி வகைகள் கால் பங்குக்கு மேல் இருந்தால் உமி போதாது. கோதுமைக்கு உமியே கிடையாது. கடைகளில் நெல் உமி விற்பது இதற்காகத்தான். தானிய எடையில் 5 சதவீதம், 12 கிலோவுக்கு 600 கிராம், தூசி போகத் தண்ணீரில் அலசி மாஷிலேயே கலந்துவிடுங்கள். சுவையும் தராது, சர்க்கரையும் தராது. அலசிப் போடுவதற்கு இன்னொரு காரணம், காய்ந்த உமி மாஷ் தண்ணீரை உறிஞ்சி உங்கள் கணக்கைக் கெடுக்கும்.

சொட்டுச் சொட்டாக ஸ்பார்ஜ் செய்வதா, மொத்தமாக ஊற்றி வடிப்பதா?

மொத்தமாக ஊற்றினால் வேலை சுலபம், சத்து இரண்டு மூன்று சதவீதம் குறையும். 39 லிட்டரையும் ஒரே தடவை ஊற்றினால் மாஷ் டன் 60 லிட்டர்வரை நிரம்பும். இரண்டு பாதியாக ஊற்றினால் இடமும் இருக்கும், சத்தும் கூடும். தொடர் ஸ்பார்ஜ் என்றால் ஒரு மணி நேரம் ஒதுக்கி, படுகைக்கு மேல் எப்போதும் இரண்டு விரல்கடை தண்ணீர் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வடியும் வோர்ட் 1.010-க்குக் கீழே இறங்கினால் நிறுத்திவிட்டு, குறையும் அளவுக்குக் கெட்டிலிலேயே தண்ணீர் சேருங்கள். அதற்குமேல் கழுவினால் உமியிலிருந்து டானின் இறங்கிப் பியரில் தேநீர்த் துவர்ப்பு ஏறும். தண்ணீர் 77 டிகிரியைத் தாண்டினாலும் அதே துவர்ப்புத்தான்.

குழாய்த் தண்ணீர் போதுமா?

குளோரினையும் குளோரமினையும் முதலில் ஒழியுங்கள். இவை மால்ட்டின் ஃபீனாலோடு சேர்ந்தால் பியரில் ஆஸ்பத்திரிப் பிளாஸ்டர் வாடை வரும், ஆறப்போட்டாலும் போகாது. ஒரு காம்ப்டன் மாத்திரை (சல்ஃபைட் மாத்திரை) 75 லிட்டருக்குச் சரியாகப் போதும். நசுக்கிக் கலந்து சில நிமிடம் விட்டால் தீர்ந்தது.

அடுத்தது மாஷின் பிஎச். ஆறிய மாதிரியில் 5.2 முதல் 5.6 வரை. லண்டன் போன்ற கடினநீர் ஊர்களில் வெளிர் மால்ட் மாஷ் இதைத் தாண்டி நிற்கும். 12 கிலோவில் 0.1 குறைக்க 88 சதவீத லாக்டிக் அமிலம் ஏறத்தாழ 4 மி.லி. பாதியை ஊற்றி, கலக்கி, அளந்துவிட்டு மீதியை ஊற்றுங்கள். மெல்போர்ன் போன்ற மென்நீரில் கால்சியம் குறைவு: 75 லிட்டருக்கு ஜிப்சம் 7.5 கிராம், கால்சியம் குளோரைடு 7.5 கிராம் சேர்த்தால் 50 பிபிஎம் கால்சியம் ஏறும். ஹாப்ஸ் கசப்பு எடுப்பாக வேண்டுமானால் ஜிப்சத்தைக் கூட்டுங்கள், மால்ட் உருண்டு நிற்க வேண்டுமானால் குளோரைடை.

கொதிக்கவைப்பதில் கவனிக்க வேண்டியது?

98 டிகிரி தொட்டதும் நுரை ஏறும். தீயைக் குறைத்துக் கையில் குளிர்நீர் ஸ்ப்ரேயோடு நில்லுங்கள். முதல் ஹாப்ஸ் விழும்போதும் இன்னொரு பொங்கல் உண்டு. மூடி போட்டுக் கொதிக்கவைக்கக் கூடாது. வெந்த மக்காச்சோள வாடை தரும் டைமெத்தில் சல்ஃபைடு ஆவியோடு வெளியேற வேண்டும். மிக வெளிரான பில்ஸ்னர் மால்ட் என்றால் 90 நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

அடுப்பை அணைத்தபின் போடும் வாசனை ஹாப்ஸில் ஒரு சூட்சுமம். 50 லிட்டர் மெதுவாக ஆறும். அந்த நேரம் முழுக்கக் கசப்பு ஏறிக்கொண்டே இருக்கும். வோர்ட்டை 80 டிகிரிக்கு இறக்கிவிட்டு ஹாப்ஸைப் போட்டால் சின்னத் தொகுதியில் வந்த அதே கசப்பில் நிற்கும்.

எப்படி ஆற்றுவது?

20 லிட்டருக்கு வைத்திருந்த செப்புச் சுருள் இதற்குப் போதாது. அரை அங்குலக் குழாயில் 15 மீட்டர் சுருள், அல்லது பிளேட் சில்லர் (தட்டடுக்கு வழியாக ஆற்றும் கருவி). பிளேட் சில்லர் வேகம், ஆனால் ஹாப்ஸ் தூள் போய் அடைக்கும். கெட்டிலில் ஹாப்ஸ் வடிகட்டி இல்லாமல் அதை மாட்டாதீர்கள், முடிந்ததும் எதிர்த்திசையில் சூடுநீர் அடித்துக் கழுவுங்கள். சுருள் என்றால் வோர்ட்டைக் கலக்கிக்கொண்டே இருங்கள், நேரம் பாதியாகும்.

குழாய்த் தண்ணீரைவிடக் கீழே எந்தச் சில்லரும் ஆற்றாது. பிரிஸ்பேன் கோடையில் தண்ணீரே வெதுவெதுப்பு. 35 டிகிரிவரை குழாய்த் தண்ணீரில் இறக்கிவிட்டு, பிறகு ஐஸ் போட்ட வாளியிலிருந்து சிறு பம்ப்பால் சுற்றவிடுங்கள். ஐஸைத் தொடக்கத்திலேயே கரைத்துவிடுவது வீண்.

பம்ப் சத்தம் போடுகிறது, வோர்ட் நகரவில்லை.

உள்ளே காற்று. காந்த பம்ப்புகள் தாமாக இழுக்காது. கெட்டிலுக்குக் கீழே வைத்து, நிரம்பியபின்தான் சுவிட்சைப் போட வேண்டும். வேகத்தை வெளிவால்வில் குறையுங்கள், உள்வால்வை ஒருபோதும் நெருக்காதீர்கள். கொதிசூட்டு வோர்ட் உடனே ஆவியாகிக் குமிழிவிடும்.

ஈஸ்ட் எவ்வளவு?

இந்த ஏலுக்குச் சுமார் 46,500 கோடி செல் தேவை. உலர் ஈஸ்ட் 11.5 கிராம் பாக்கெட் மூன்று போதும். குளிரில் நொதிக்கும் லாகர் என்றால் ஐந்து. திரவ ஈஸ்ட் பை ஒன்றில் ஏறத்தாழ 10,000 கோடிதான், அதுவும் புதிதாக இருந்தால். பணத்தை மிச்சம்பிடிக்க நல்ல வழி, முதலில் 20 லிட்டர் காய்ச்சி, அதன் அடியில் படிந்த ஈஸ்ட்டை ஒரு வாரத்துக்குள் இதற்கு ஊற்றுவது.

50 லிட்டர் தன் சூட்டைத் தானே பிடித்துவைத்துக்கொள்ளும். அறை 19 டிகிரி, உள்ளே 24 என்பது நடக்கும். ஃபியூசல் எனும் கனமான ஆல்கஹால்களின் காரம் வருவது அப்படித்தான். சென்சாரை நொதிகலத்தின் உடம்பில் ஒட்டி, மேலே பஞ்சோ ஃபோமோ வைத்துக் கட்டி, அந்த எண்ணைக் கொண்டு ஃப்ரிட்ஜை ஓட்டுங்கள். முதல் மூன்று நாள் 18-இல் பிடித்தால் போதும், பிறகு 20-க்கு விட்டுவிடலாம். இந்தத் தொகுதி மொத்தம் 1000 லிட்டருக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு விடும். ஜன்னல் இல்லாத சிற்றறையிலோ நிலவறை மூலையிலோ வைக்காதீர்கள்.

பாட்டிலா, கெக்கா?

50 லிட்டர் என்றால் 330 மி.லி. பாட்டில் நூற்றைம்பது. கழுவிப் பார்த்தவர்கள் அடுத்த மாதம் கெக் (அழுத்தம் தாங்கும் உலோகப் பீப்பாய்) வாங்கிவிடுவார்கள். 19 லிட்டர் கெக் மூன்று இருந்தால் இடம் மிச்சமாகவே இருக்கும். 4 டிகிரியில் 12 பிஎஸ்ஐ அழுத்தம் ஒரு வாரத்துக்கு மேல் நின்றால் வாயு சரியாக ஏறியிருக்கும்.

பாட்டிலில்தான் என்றால் லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை, மொத்தம் 300 கிராம், தண்ணீரில் கொதிக்கவைத்துக் கலந்து அடையுங்கள். அதற்கு முன் அடர்த்தி மூன்று நாள் அசையாமல் நின்றிருக்க வேண்டும். ஈஸ்ட் வேலை பாக்கியிருக்க அடைத்த பாட்டில் வெடிக்கும், கண்ணாடி முகத்துக்குத்தான் வரும்.

இவ்வளவு சக்கையை என்ன செய்வது?

பதினாறு, பதினேழு கிலோ ஈரச்சக்கை. வெயில் நாளில் மறுநாளே புளித்து நாறும், அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். கோழி விரும்பித் தின்னும். உரக்குழியில் போட்டால் காய்ந்த இலையோடு அடுக்கடுக்காகப் போடுங்கள். ஹாப்ஸ் கசடை இதோடு கலக்க வேண்டாம். ஹாப்ஸ் நாய்க்கு விஷம்; மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடுங்கள்.